கற்பனை நாட்டுக்கு ஒரு சூப்பர்சானிக் குண்டுவீச்சு விமானம்: எந்த வடிவம் பொருந்தும்?

தமிழில் காமிக்ஸ் வரைகிறவர்களும் கணினி விளையாட்டு உருவாக்குகிறவர்களும் தங்கள் கற்பனை நாட்டுக்கு ஒரு கனரகக் குண்டுவீச்சு விமானம் வேண்டுமென்றால் முதலில் எழுதிவைப்பது வேகத்தைத்தான். மாக் 3 (ஒலியைப் போல மூன்று மடங்கு வேகம்), மாக் 4 என்று ஏலத்தில் விலை ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போகும். உண்மையில் வேகம் கடைசியாக வர வேண்டிய எண். இலக்கு எவ்வளவு தூரம், ஓடுதளம் எவ்வளவு நீளம், கதை எந்த ஆண்டில் நடக்கிறது, கஜானாவில் என்ன இருக்கிறது என்ற நான்குக்கும் பதில் எழுதிவிட்டால் வடிவம் ஏறக்குறைய தானே முடிவாகிவிடும்.

பேச வசதியாக ஒரு நாட்டை வைத்துக்கொள்வோம். பெயர் நெய்தலம். சென்னையைப் போலவே 13 டிகிரி வடக்கில், கடலோரமாக இருக்கிறது. வானிலையும் சென்னையுடையதே: மே மாதக் கத்திரி, ஐப்பசி கார்த்திகை மழை, வருடம் முழுக்க உப்புக்காற்று. முக்கியத் தளத்தின் ஓடுதளம் மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுதளம் அளவு, அதாவது சுமார் 3,660 மீட்டர். இலக்கு 2,200 கி.மீ. தொலைவில். ஆண்டு 1980. நாற்பது விமானம் வாங்கப் பணம் உண்டு; அமெரிக்கா, சோவியத் போல வாரி இறைக்க முடியாது.

இந்த நாட்டின் முன் இருக்கும் தேர்வுகள் எல்லாமே உலகில் யாரோ ஒருவர் கட்டிப் பார்த்தவை. அமெரிக்காவின் பி-58 போன்ற, வயிற்றில் பாட் (வெளியே மாட்டும் கூடு) தொங்கும், முக்கோண இறக்கை கொண்ட டெல்டா. எக்ஸ்பி-70 வால்கிரி போன்ற மாக் 3 ராட்சசன். சோவியத்தின் டியூ-22எம்3 போன்ற, இறக்கையை விரித்து மடிக்கும் நடுத்தர ஸ்விங் விங். பி-1பி, டியூ-160 போன்ற பெரிய ஸ்விங் விங்.

வேகத்துக்கு எவ்வளவு செலவு

முதல் செலவு சூடு. பறக்கும் விமானத்தின் மூக்கில் காற்று முட்டி நிற்கும் இடத்தின் வெப்பநிலையைக் கணக்கிட, வெளிக்காற்றின் கெல்வின் வெப்பநிலையை (1 + 0.2 × மாக்²) ஆல் பெருக்க வேண்டும். பாடப்புத்தகங்கள் 11 கி.மீ.க்கு மேல் காற்றை மைனஸ் 56.5 டிகிரி என்று வைத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கில் மாக் 1.8-க்கு 84 டிகிரி செல்சியஸ், மாக் 2-க்கு 117, மாக் 2.2-க்கு 153, மாக் 3-க்கு 333. சாதாரண விமான அலுமினியக் கலவை 120, 130 டிகிரியைத் தாண்டி மணிக்கணக்கில் இருந்தால் வலுவிழக்கத் தொடங்கும். கான்கார்டு மாக் 2.04-லேயே நின்றதற்கும் அதன் மூக்குக்கு 127 டிகிரி என்று வரம்பு வைத்ததற்கும் இதுதான் காரணம். அதைத் தாண்டினால் டைட்டானியம், எஃகு என்று போக வேண்டும். விலை மட்டுமல்ல, அவற்றை வெட்டவும் வெல்டிங் செய்யவும் தெரிந்த ஆலைகளே புதிதாக வேண்டும்.

வெப்பமண்டல நாட்டுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. நம் தலைக்கு மேலே 16 கி.மீ. உயரத்தில் காற்று மைனஸ் 75 டிகிரிக்குக் கீழே போகும். ஐரோப்பா மேல் அந்த உயரத்தில் அவ்வளவு குளிர் இருக்காது. ஆகவே நெய்தலத்து வானில் மாக் 2.2-ல் பறந்தாலும் வருவது 117 டிகிரிதான், பாடப்புத்தகக் காற்றில் மாக் 2-க்கு வரும் அதே சூடு. ஆனால் இது சும்மா கிடைக்கும் சலுகை அல்ல. ஒலியைத் தாண்டி வேகமெடுக்கும் 10, 11 கி.மீ. உயரத்தில் நம் பக்கத்துக் காற்று பாடப்புத்தகக் கணக்கைவிடச் சூடானது. அங்கே எஞ்சின் உந்துவிசை குறையும். எஞ்சினின் பின்குழாயில் கூடுதல் எரிபொருள் எரிக்கும் ஆஃப்டர்பர்னரை அதிக நேரம் எரிக்க வேண்டிவரும்.

இரண்டாவது செலவு எரிபொருள். 130 டன் எடையில் கிளம்பி 55 டன் எரிக்கும் ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு, பறக்கும் தூரத்தைக் கணக்கிடும் பிரெகே சூத்திரத்தில் போடுவோம். ஒலிக்குக் கீழே, மணிக்கு 900 கி.மீ., ஏற்றவிசை–இழுவை விகிதம் 15, ஒரு கிலோ உந்துவிசைக்கு மணிக்கு 0.8 கிலோ எரிபொருள் என்றால் 9,280 கி.மீ. வரும். ஏறுவதற்கும் கையிருப்புக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 7,400. அதே விமானம் மாக் 1.8-ல், விகிதம் 6, எரிபொருள் 1.9 கிலோ என்றால் 3,320 கி.மீ.தான், கழிக்காமலே. அதாவது ஒலியைத் தாண்டிப் பறக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும், மெதுவாகப் பறக்கும் 2.8 கிலோமீட்டரைத் தின்றுவிடுகிறது. வழி முழுக்க சூப்பர்சானிக் என்று எழுதுகிறவர்கள் இந்த 2.8-ஐ ஒருமுறை பெருக்கிப் பார்க்க வேண்டும்.

பாட் தொங்கும் டெல்டா

பார்க்க அழகு என்றால் இதுதான். பி-58 முதலில் பறந்தது 1956 நவம்பரில். 1960-ல் சேவைக்கு வந்து 1970-ல் ஓய்வு பெற்றது. 29.5 மீட்டர் நீளம், 17.3 மீட்டர் இறக்கை, 80 டன், நான்கு ஜே79 எஞ்சின், மாக் 2. உடலை ஒல்லியாக வைக்க வேண்டியிருந்ததால் உள்ளே குண்டறையே கிடையாது. அணுகுண்டும் போகும்வழி எரிபொருளும் சேர்ந்து வயிற்றுக்குக் கீழே ஒரே பாடில். அந்தப் பாட் தரையில் இடிக்காமலிருக்க லேண்டிங் கியர் கொக்குக்கால் மாதிரி நீண்டது. மெல்லிய இறக்கைக்குள் மடங்க வேண்டுமே என்று சக்கரங்களைச் சின்னதாக்கி ஒரு காலுக்கு எட்டு டயர் வைத்தார்கள். சின்ன டயர் வேகமாகச் சுழலும், பிரேக் சூடு தப்பிக்க இடமிருக்காது, டயர் வெடிக்கும்.

இன்னும் மோசமானது எஞ்சின்களின் இடம். மாக் 2-ல் வெளிப்பக்க எஞ்சின் ஒன்று திடீரென அணைந்தால், மறுபக்க எஞ்சின் விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். கைக்கு எட்டுவதற்குள் விமானம் சிதறும். கட்டிய 116-ல் 26 விபத்தில் போயின. அதோடு, 1960 மே 1-ல் சோவியத் எஸ்-75 ஏவுகணை யு-2 உளவு விமானத்தை வீழ்த்திய பிறகு உயரமாகப் பறப்பது பாதுகாப்பு என்ற கணக்கே உடைந்தது. தாழப் பறக்கச் சொன்னபோது பி-58 ஒலி வேகத்தைத் தாண்டவில்லை. வேகத்துக்காகப் பட்ட பாடெல்லாம் வீண்.

நெய்தலத்துக்கு இதில் தனியாக ஒரு தொல்லையும் உண்டு. பி-58-இன் தோல் பெரும்பாலும் தேன்கூட்டுத் தகடு: இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேனடை போன்ற உள்ளீடு, பசையால் ஒட்டியது. ஓர் ஆணி ஓட்டையில் ஈரம் புகுந்தால் வெளியே தெரியாது. மேலே உறையும், கீழே உருகும், ஒட்டு பிரியும், உள்ளீடு அரிக்கும். தட்டிப் பார்த்துச் சத்தத்தால் கண்டுபிடிப்பது பழைய முறை; அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே பிறகு. எண்ணூர் உப்புக்காற்றில் ஒரு வருடம் வெளியே நிறுத்திவைத்தால் இந்த விமானத்துக்குப் பறக்கும் நேரத்தைவிடப் பரிசோதனை நேரம்தான் அதிகமாகும்.

மாக் 3

போஸ்டருக்கு வால்கிரி. 1964 செப்டம்பரில் பறந்தது, 246 டன், ஆறு எஞ்சின், வேகமெடுத்ததும் இறக்கை நுனிகள் 65 டிகிரி வரை கீழே மடங்கும். ஒலியைத் தாண்டும்போது எழும் அதிர்வலையைத் தன் இறக்கைக்கு அடியில் பிடித்து அதன் மேலேயே சவாரி செய்யும் யோசனை இது. நுனி மடிப்பு அந்த அழுத்தத்தைத் தேக்குவதற்கு உதவும், செங்குத்து வாலுக்கும் துணை நிற்கும். எஃகுத் தேன்கூட்டுத் தகடுகளை உலையில் வைத்துப் பற்றவைத்துக் கட்டினார்கள். 1965 அக்டோபர் 14-ல் முதல் விமானம் மாக் 3 தொட்ட அன்றே இறக்கை முன்விளிம்பிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து போயிற்று. பிறகு அதை மாக் 2.5-க்கு மேல் விடவில்லை. இரண்டாவது விமானம் 1966 ஜூன் 8-ல் கூடப் பறந்த எஃப்-104 போர் விமானம் மோதி அழிந்தது. கட்டியது இரண்டே. குண்டுவீச்சு விமானமாக வாங்கும் திட்டத்தை கென்னடி 1961-லேயே கைவிட்டிருந்தார்.

சோவியத் சுகோய் டி-4 இதற்குப் பதிலடியாக வந்தது. 1972-ல் பறந்தது, பத்தே முறை பறந்தது, மாக் 3-ஐ எட்டவே இல்லை. இரண்டு வல்லரசுகள் முயன்று விட்டுவிட்டதை நாற்பது விமானம் வாங்கும் நாடு செய்தது என்று எழுதினால், வாசகர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அந்த நாட்டில் டைட்டானிய ஆலையும் எஃகுத் தேன்கூட்டு உலையும் எங்கே என்று ஒரு பக்கமாவது காட்ட வேண்டும்.

ஸ்விங் விங்: நடுத்தரமா, பெரியதா

இறக்கையை விரித்தால் மெதுவாக இறங்கலாம், சிக்கனமாகத் தூரம் போகலாம். பின்னுக்கு மடித்தால் ஒலியைத் தாண்டலாம், தாழப் பறக்கும்போது காற்றுக் குலுக்கல் குறையும். இந்த வசதிக்கு விலை நடுவில் இருக்கும் பிவட்டும் (இறக்கை திரும்பும் அச்சு) அதைத் தாங்கும் பெட்டியும். இறக்கை தூக்கும் விசை முழுவதும் இரண்டு முளைகள் வழியாகத்தான் உடலுக்கு வரும். பி-1பி-யிலும் டியூ-160-யிலும் அந்தப் பெட்டி டைட்டானியம்; டியூ-160-க்கு எலக்ட்ரான் கற்றையால் வெல்டிங். இன்னொன்று, இறக்கை பின்னே போகும்போது ஏற்றவிசையின் மையமும் பின்னே போகும், மூக்கு கீழே அழுந்தும். அதை ஈடுகட்ட எரிபொருளைப் பின் தொட்டிகளுக்கு பம்ப் செய்ய வேண்டும். பம்பு நின்றாலோ, ஒரு பக்க இறக்கை மடிந்து மறுபக்கம் சிக்கினாலோ பெரிய ஆபத்து. அதனால் இரண்டு பக்கத்து ஓட்டு மோட்டார்களையும் ஒரே தண்டால் இணைப்பார்கள். கதையில் ஒரு கோளாறு தேவையென்றால் எஞ்சின் தீயைவிட இது நம்பும்படியானது: இறக்கை முழுக்க மடிந்த நிலையில் சிக்கிக்கொள்ள, வழக்கத்தைவிட மிக அதிக வேகத்தில் தரையிறங்க வேண்டிய கட்டாயம்.

டியூ-22எம்3 முதலில் பறந்தது 1977 ஜூனில். 42.5 மீட்டர் நீளம், இறக்கை விரிந்தால் 34.3, மடிந்தால் 23.3. அதிகபட்ச எடை 124 டன். தலா ஏறக்குறைய 245 கிலோநியூட்டன் உந்துவிசை தரும் இரண்டு என்கே-25 எஞ்சின்கள், மாக் 1.88, நான்கு பேர். பெரிய பக்கத்தில் பி-1பி 216 டன், நான்கு எஞ்சின், மாக் 1.25 மட்டும். அதன் மூதாதை பி-1ஏ மாக் 2.2-க்குக் கட்டப்பட்டது, பி-1பி-யில் எஞ்சினின் நகரும் காற்றுவாயை எடுத்துவிட்டு ரேடார் அலையை மறைக்கும் வளைந்த தடுப்புகள் வைத்தார்கள். வேகத்தை விற்று மறைவை வாங்கினார்கள், நல்ல வியாபாரம். டியூ-160 இன்னும் பெரியது: 275 டன், மாக் 2.05, 54 மீட்டர் நீளம்.

இங்கே ஓடுதளத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எடையில் 95 சதவீதம் பின் சக்கரங்கள் மேல் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். பி-1பி-க்குப் பின்சக்கரங்கள் எட்டு, ஒரு சக்கரத்துக்கு 25.7 டன். டியூ-160-க்குப் பன்னிரண்டு, 21.8 டன். டியூ-22எம்3-க்கும் பன்னிரண்டு, ஆனால் 9.8 டன்தான். தினமும் மீனம்பாக்கத்தில் இறங்கும் ஏ320 பயணிகள் விமானம் நான்கு சக்கரத்தில் தருவது சுமார் 18 டன். அதாவது டியூ-22எம்3 ஓர் ஏ320-ஐவிடச் சக்கரத்துக்குக் குறைந்த பாரம் தரும். போர்க்காலத்தில் அதைப் பல சாதாரண விமான நிலையங்களுக்குப் பிரித்து அனுப்பலாம். பெரிய ஸ்விங் விங்கை எடுத்தால் எல்லாம் ஓரிரு தளங்களில் குவியும். எதிரிக்கும் அந்த இரண்டைக் குறிபார்த்தால் போதும்.

பிறகு வெயில். 40 டிகிரியில் கடல்மட்டக் காற்றின் அடர்த்தி பாடப்புத்தகக் கணக்கைவிட 8, 9 சதவீதம் குறைவு. எஞ்சின் உந்துவிசை பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இறங்கும். இரண்டும் சேர்ந்தால் ஓட்டம் கால் பங்கு நீளும். டியூ-22எம்3-க்குச் சாதாரணமாக 2,000 மீட்டரைச் சற்றுத் தாண்டும் ஓட்டம் 2,500-ஐத் தாண்டிவிடும். வேகமெடுத்த பிறகு ஓர் எஞ்சின் போனால் நிறுத்துவதற்கும் இடம் வேண்டும்; 3,660 மீட்டர் போதும், ஆனால் தாராளம் இல்லை. 2003 மே 31-ல் சென்னை 45 டிகிரி பார்த்தது. அப்படிப்பட்ட நாளில் எரிபொருளைக் குறைத்துக் கிளம்பி வானில் நிரப்பிக்கொள்வது, அல்லது விடியற்காலையில் கிளம்புவது, இரண்டில் ஒன்றுதான் வழி. கிளம்ப உதவும் ராக்கெட்டுகளைக் கட்டுவது மூன்றாவது வழி. தன் சிறிய குண்டுவீச்சு விமானமான மிராஜ் 4-ஐ பிரான்ஸ் அப்படியும் கிளப்பியது.

தாழப் பறப்பதில் இன்னொரு கணக்கு இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. 1987 செப்டம்பர் 28-ல் கொலராடோவில் தாழப் பறந்த பி-1பி ஒன்றை ஒரு கூழைக்கடா மோதியது. சுமார் ஏழு கிலோ எடையுள்ள பறவை எரிபொருள், ஹைட்ராலிக் குழாய்கள் போகும் இடத்தைக் கிழித்ததில் விமானம் தீப்பிடித்தது. ஆறு பேரில் மூவர் இறந்தார்கள். பிறகு அந்த இடங்களுக்குக் கவசம் போட்டார்கள். பழவேற்காட்டு ஏரியும் பள்ளிக்கரணையும் போல நீர்நிலைகள் ஓடுதளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டில் கூழைக்கடாவும் பூநாரையும் எதிரிநாட்டு ரேடாருக்குச் சமமான பிரச்சினை. பயிற்சிப் பாதையைக் கடல்மேல் வைப்பது நல்லது.

கடலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 15 கி.மீ. உயரத்தில் ஒலியைத் தாண்டிப் பறக்கும் விமானத்தின் இடிச்சத்தம் கீழே சுமார் 80 கி.மீ. அகலப் பட்டையில் கேட்கும். சென்னைக் கடற்கரையிலிருந்து காஞ்சிபுரம் தாண்டும் வரை என்று வைத்துக்கொள்ளலாம். 1964-ல் ஓக்லஹோமா நகர் மேல் ஆறு மாதத்தில் 1,253 முறை இந்தச் சத்தத்தை வேண்டுமென்றே எழுப்பிச் சோதித்தார்கள். கண்ணாடி உடைந்ததாகப் புகார்கள் குவிந்தன.

முடிவு

நெய்தலத்துக்கு நடுத்தர ஸ்விங் விங். 130 டன், 55 டன் எரிபொருள், இரண்டு பெரிய எஞ்சின், மாக் 1.8. கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். போகவர 4,400 கி.மீ. அதில் இலக்கருகே 400-ம் திரும்பும்போது 400-ம் சூப்பர்சானிக். 800 × 2.8 = 2,240. மீதி 3,600 மெதுவாக. மொத்தம் 5,840, கையில் இருப்பது 7,400. வெளியே தொங்கும் ஏவுகணையின் இழுவைக்கும் சுற்றுவழிக்கும் 1,500 கி.மீ. போல மிச்சம். வானில் எரிபொருள் நிரப்பும் குழாயை விட்டுவிடாதீர்கள். டியூ-22எம்-இல் அது எடுக்கப்பட்டது ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சின் விளைவு, பொறியியல் காரணம் எதுவும் இல்லை.

மாக் 2.2 ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். மாக் 1.8-க்கு அலுமினியம் போதும், எஞ்சின் காற்றுவாய் எளிது. ஏவுகணையிடமிருந்து தப்பிக்க அந்த 0.4 உதவாது.

எஞ்சின்களை எங்கே வைப்பது என்பதில் முந்தைய டியூ-22-ஐப் பின்பற்ற வேண்டாம். செங்குத்து வாலின் இருபுறமும் மேலே ஏற்றிவைத்தார்கள். பார்க்கக் கம்பீரம்; எஞ்சினை இறக்க கிரேன் வேண்டும், விமானிகளின் இருக்கையோ கீழ்நோக்கி வெளியேறும், தரையருகே கோளாறு வந்தால் பிழைக்க வழியில்லை. குளிரூட்டலுக்குச் சாராயம் கலந்த தண்ணீர் நிரப்பியதால் தரைப்பணியாளர் மத்தியில் மட்டும் அது பிரபலம்.

வரைகிறவர்களுக்கு இரண்டு நுணுக்கம். இறக்கை மடியும்போது உள்பக்கப் பகுதி அசையாது. பிவட் வெளியே தள்ளி இருக்கும், அங்கே ஒரு சிறு செங்குத்து வேலி வரும். டியூ-160-இல் மடிக்கும்போது இறக்கையின் உள் பின்விளிம்புத் துண்டே மேலே எழுந்து வேலியாக நிற்கும். இதை வரைந்துவிட்டால் விமானம் தெரிந்தவர்கள் உடனே மதிப்பார்கள். எஞ்சின் காற்றுவாயை மாக் 1.8 விமானத்துக்கு நகரும் சரிவுப்பலகையோடு செவ்வகமாக வரையுங்கள். நடுவில் கூம்பு இல்லாத வெறும் வட்ட வாய் மெதுவான விமானத்துக்கு.

ஆண்டை 1962 ஆக்கினால் முடிவு மாறும். அப்போது ஸ்விங் விங் கைக்கு எட்டாது. பி-58 வடிவம்தான், அதோடு விபத்துகளையும் எழுதிவிட வேண்டும். இலக்கு 6,000 கி.மீ. என்றால் டியூ-160 அளவு, அல்லது வானில் எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானங்கள். மிராஜ் 4-க்காக பிரான்ஸ் 12 கேசி-135 வகை டேங்கர்களை வாங்கியதுபோல. சூப்பர்சானிக் என்பதையே விட்டுவிடலாம் என்றால், அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து 2017 வரை பறந்த டியூ-142எம் இருக்கிறது: நான்கு டர்போப்ராப் (விசிறி சுழற்றும் எஞ்சின்), 185 டன், இந்தக் கட்டுரையின் எல்லாக் குண்டுவீச்சு விமானங்களையும்விட மெதுவானது. நெய்தலத்தின் இலக்குக்குப் போய்த் திரும்பி, அதே எரிபொருளில் இன்னொரு முறையும் போய்வரும்.